மனச்சோர்வு மாத்திரை கூடினால் தற்கொலை கூடுமா, குறையுமா? தம்பிக்காகக் கேட்கிறேன்

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பிக்கு 31 வயது. இந்த வருஷம் பெங்களூரா மாங்காய் விலை விழுந்ததில் பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை. அதிலிருந்து ஆளுக்குப் பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, விடியற்காலை மூணு மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தான். கேட்டால் "தூக்கம் வரல" என்பான், அவ்வளவுதான். ஒரு நாள் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மனநல மருத்துவரிடம் காட்டினோம். எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினார், முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. இன்றைக்குப் பதினோராவது நாள்.

பிரச்சினை இப்போது வீட்டுக்குள். பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாத்திரை கூடக் கூடத் தற்கொலையும் கூடிப்போச்சாம், அந்த ஊர் அரசாங்கமே பெட்டிமேல் எச்சரிக்கை போட வைத்ததாம். அம்மா அதைக் கேட்டதிலிருந்து அழுகை. நேற்று ராத்திரி மாத்திரை அட்டையைக் காணோம். வீடெல்லாம் தேடினால் அரிசி டிரம்முக்குள், அளக்கிற படிக்கு அடியில் கிடக்கிறது. அம்மாதான் ஒளித்து வைத்திருக்கிறார், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிவில் சொன்னது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும் வாத்தியார் (தர்மபுரி)

தம்பி, முதலில் ஒன்று. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. இப்போது அந்தக் குரல் பதிவு. அதில் சொன்ன கணக்கு பொய்யில்லை, பாதிக் கணக்கு. அமெரிக்காவில் 1999ல் லட்சம் பேருக்கு 10.5 என்று இருந்த தற்கொலை விகிதம் 2018ல் 14.2 ஆனது. அந்த இருபது வருஷமும் மனச்சோர்வு மாத்திரை விற்பனை ஏறிக்கொண்டேதான் இருந்தது. சரி, அதற்கு முந்தின பத்து வருஷத்தைப் பாருங்கள். இதே வகை மாத்திரையான புளூவாக்சிட்டின் அங்கே 1987 டிசம்பரில் அனுமதி பெற்று 1988ல் கடைக்கு வந்தது. 1990கள் முழுக்க மாத்திரை ஏறியது, தற்கொலையோ இறங்கியது. ஒரே நாடு, ஒரே வகை மாத்திரை, முன்பாதியில் ஒரு கதை, பின்பாதியில் நேர்மாறான கதை. மாத்திரை காப்பாற்றும் என்று சொல்ல வந்தவர் முன்பாதியை எடுத்துக்கொள்வார், கொல்லும் என்று சொல்ல வந்தவர் பின்பாதியை எடுத்துக்கொள்வார்.

நாடு மாறினாலும் இதே குழப்பம்தான். சுவீடனில் 1990களின் முன்பகுதியில் மாத்திரைப் பயன்பாடு மூன்று மடங்குக்கு மேல் போனது, தற்கொலை ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்தது. யோரான் இசாக்சன் என்ற மருத்துவ ஆய்வாளர் இதைத்தான் பெரிய ஆதாரமாக முன்வைத்தார். பக்கத்து டென்மார்க்கில் 1980 வாக்கிலேயே தற்கொலை குறைய ஆரம்பித்துவிட்டது, அப்போது இந்தப் புது மாத்திரைகளே வரவில்லை. ஜப்பான் இன்னும் வேறு மாதிரி. பொருளாதாரம் சரிந்த 1998ல் ஒரே வருஷத்தில் தற்கொலை 24 ஆயிரம் அளவிலிருந்து 32 ஆயிரத்தைத் தாண்டியது. புது மாத்திரை அங்கே கடைக்கு வந்ததே 1999ல்தான். வந்த பிறகும் 2011 வரை வருஷத்துக்கு 30 ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஆக, ஏற்றியதும் மாத்திரை இல்லை, ஏறினதை இறக்கவும் மாத்திரையால் முடியவில்லை.

நம்ம ஊரில் புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணிக்குப் பதிலாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது. அதே சமயத்தில்தான் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போனும் வந்தது. நாளைக்குப் பிள்ளைகள் பல்லில் புளோரைடு கறை குறைந்தால் போன் வந்ததால் குறைந்தது என்று ஒருவர் கோடு போட்டே காட்டலாம். இரண்டு கோடு சேர்ந்து ஏறுவதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

கெலமங்கலம்

வாத்தியார் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் அக்கா மகனுக்கு 19 வயது. ஓசூரில் கல்லூரி முதல் வருஷம். ஒரு மருத்துவமனையில் பார்த்தோம், பேர் சொல்ல விருப்பமில்லை. ஐந்து நிமிஷம் பேசினார்கள், மாத்திரை எழுதினார்கள், ஒரு மாசம் கழித்து வா என்றார்கள். முதல் பத்து நாளில் பையன் நடந்துகொண்டே இருந்தான். உட்கார மாட்டான், படுக்க மாட்டான், வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. மாத்திரை வேலை செய்கிறது, சுறுசுறுப்பு வந்திருக்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டார். மூன்றாவது வாரம் பையன் இல்லை.

எனக்கு எந்த நாட்டுக் கோடும் வேண்டாம். பெட்டிமேல் எச்சரிக்கை போட்டிருப்பது உண்மையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

எண்ணும் வாத்தியார்

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நேராகச் சொல்கிறேன். எச்சரிக்கை உண்மை. 2004 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை கொடுத்தது, 2007ல் அதை 24 வயது வரை நீட்டியது. அடிப்படை 24 ஆய்வுகள், 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 4 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது, வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்கு. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை. ஆனால் இரண்டு மடங்கு என்பது இரண்டு மடங்குதான். உங்கள் வீட்டுப் பையன் அந்த வயதில் இருந்தவன். நீங்கள் சொன்ன அந்த இருப்புக் கொள்ளாத நடை, அதுதான் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. அதைச் சொல்லி அனுப்புவது அவர்கள் கடமை, சொல்லவில்லை. இதில் உங்கள் கோபம் நியாயமானது.

பெரியவர்களுக்கும் இதே போல 372 ஆய்வுகளை, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். 25 வயதுக்குக் கீழே ஆபத்து கூடுகிறது. 25 முதல் 64 வரை கூடவில்லை. 65க்கு மேல் தெளிவாகக் குறைகிறது. ஒரே மாத்திரைதான், வயதுக்கு வயது வேறு வேலை செய்கிறது. மாவட்டக் கணக்கும் நாட்டுக் கணக்கும் இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன, அதனால்தான் அந்தக் கோட்டில் எதுவும் தெரிவதில்லை.

மாந்தோப்பு, உங்கள் தம்பிக்கு 31. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அரூர் மருந்துக்கடை

நான் மருத்துவன் இல்லை, இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கடையில் பார்ப்பதைச் சொல்கிறேன். சீட்டில் 30 மாத்திரை இருக்கும், "பத்து குடுங்க போதும்" என்பார்கள். அந்தப் பத்தும் தீர்ந்த பிறகு பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. இந்த மாத்திரை பிடிக்கவே இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். முதலில் வருவது வாய் உலர்வது, குமட்டல், பதட்டம், தூக்கம் கெடுவது. நல்லது கடைசியில்தான் வரும். கெட்டதை மட்டும் அனுபவித்துவிட்டு, நல்லது வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் மூன்று மாசத்தில் நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தும், தலைசுற்றல் வந்து, தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று வந்து நிற்கும். குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் டாக்டர் சொன்ன கணக்குப்படி.

ஆக, விற்பனைக் கணக்கில் நான் விற்ற பத்து மாத்திரை ஏறிவிடும். அவர் சாப்பிட்டாரா, மாந்தோப்பு வீட்டு அட்டை மாதிரி அரிசி டிரம்மில் கிடந்ததா, யாருக்குத் தெரியும்? வாத்தியார் சொல்கிற அந்தக் கோடு இந்த விற்பனையை வைத்துத்தானே போடுகிறார்கள்.

எண்ணும் வாத்தியார்

அரூர்க்காரர் சொன்னது எனக்குத் தோன்றாத கோணம், நன்றி. சுவீடனில் தற்கொலையால் இறந்தவர்களின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தபோது மனச்சோர்வு மாத்திரை பெரும்பாலோரிடம் இல்லவே இல்லை. நாடு முழுக்க விற்பனை ஏறியிருந்தும், இறந்தவர்கள் அதிகமும் மாத்திரை எடுக்காதவர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏன் இதில் நூறு வருஷம் சண்டை போட்டாலும் தீராது என்பதற்கு. தமிழ்நாட்டில் 2022ல் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர், லட்சத்துக்கு 25.9. இந்தியா முழுவதற்கும் அது 12.4. கேட்கவே நெஞ்சு கனக்கும் எண்கள். ஆனால் ஆய்வு செய்கிறவருக்கு இது ரொம்பச் சின்ன எண். ஆயிரம் பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்தால், பொதுவான விகிதப்படி ஒருவர்கூட அதில் வர மாட்டார். மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது கூடுதல்தான், ஆனாலும் மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் ஆறு எட்டு வாரத்தில் முடிந்துவிடும், ரொம்ப ஆபத்தில் இருப்பவர்களை முதலிலேயே கழித்துவிடுவார்கள். அதனால் மாத்திரை உயிரைக் காக்கிறதா என்று ஆய்வில் நேரடியாகப் பார்க்க முடியாமல்தான் எல்லாரும் நாட்டுக் கோட்டுக்குப் போகிறார்கள்.

மாவட்ட அளவில் இறங்கினால் இன்னும் மோசம். தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர் என்று வைத்து, மாநில விகிதத்தையே போட்டால் வருஷத்துக்கு 390 வரும். எந்தக் காரணமும் இல்லாமலே அது ஒரு வருஷம் 350, மறு வருஷம் 430 என்று ஆடும். அந்த ஆட்டத்துக்குள் மாத்திரையின் கைவரிசையைத் தேடுவது சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் கேட்கிற கதை.

கெலமங்கலம்

இதைச் சொல்லுங்கள் வாத்தியாரே. மாத்திரை எடுப்பவர்களிடம் தற்கொலை அதிகம் என்று நானே பல இடத்தில் படித்தேன். அது நாட்டுக் கோடு இல்லையே, ஆளை ஆளாக எண்ணியதுதானே?

எண்ணும் வாத்தியார்

ஆமாம், எண்ணியதுதான். தொப்பூர்க் கணவாயில் எப்போதும் 108 வண்டி நிற்கிறது. மாவட்டத்தில் 108 நிற்கிற இடத்தையும் விபத்து நடக்கிற இடத்தையும் வரைபடத்தில் குறித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வண்டி நிற்பதால் லாரி கவிழவில்லை, லாரி கவிழ்கிற இறக்கம் என்பதால் வண்டி நிற்கிறது. மாத்திரை யாருக்கு எழுதப்படுகிறது? ஏற்கெனவே உடைந்து போயிருப்பவர்களுக்கு. அவர்களையும் நன்றாக இருப்பவர்களையும் பக்கத்தில் நிறுத்தி எண்ணினால் அப்படித்தான் வரும். உங்கள் அக்கா மகன் விஷயத்தில் இதைச் சொல்லி நான் எதையும் மூடவில்லை அண்ணா. அங்கே வயது வேறு, கவனிப்பு இல்லாதது வேறு.

பென்னாகரம் அக்கா

நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவள். செர்ட்ராலின், நாலு வருஷமாக. பேர் போட்டு எழுத இன்னும் தைரியம் வரவில்லை, ஊரில் "நிம்ஹான்ஸ் கேஸ்" (பெங்களூரு மனநல ஆஸ்பத்திரிக்குப் போன ஆள்) என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போதுகூட அது வந்து நிற்கும்.

முதல் பத்துப் பன்னிரண்டு நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. மனசு அப்படியே இருந்தது, உடம்புக்கு மட்டும் தெம்பு வந்தது. அதற்கு முன்னால் கட்டிலை விட்டு எழக்கூட முடியாதவள், இப்போது எழுந்து நிற்கிறேன், ஆனால் உள்ளே அதே இருட்டு. அந்த நாட்களில்தான் எனக்குப் பயமாக இருந்தது. என் மாமியார், அதிகம் பேசாதவர், தன் பாயைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. ராத்திரி நான் புரண்டால் "தண்ணி வேணுமா" என்பார். ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலையில் கம்பு கூழுக்கு வெங்காயம் கேட்டேனாம், அவர் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாந்தோப்பு தம்பி, உங்கள் அம்மா பயந்தது தப்பில்லை. பயந்து அட்டையை ஒளிப்பதற்குப் பதில், அந்தப் பயத்தோடு பாயைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊர் நர்ஸ் (காரிமங்கலம் பக்கம்)

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை கொல்லுமா காக்குமா என்று இவ்வளவு பேசுகிறோம், என் பகுதியில் மாத்திரை வரைக்கும் வந்து சேர்கிறவர்களே கொஞ்சம் பேர்தான். நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை என்று வந்தது. அமெரிக்காவில் அளவுக்கு மீறி எழுதுகிறார்கள் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையைக் குரல் பதிவாக இங்கே இறக்கினால், கஷ்டப்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த ஒருவரும் திரும்பிப் போய்விடுவார்.

சுவீடனில் கோட்லாண்டு என்று ஒரு தீவு. 1983, 84ல் அங்கிருந்த சாதாரண மருத்துவர்களுக்கு, நம்ம ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மனச்சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பார்ப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலை குறைந்தது. சில வருஷத்தில் பயிற்சியின் பலன் தேய்ந்தது, எண் பழையபடி ஏறியது. குறைந்ததும் பெரும்பாலும் பெண்களிடம்தான், ஆண்கள் டாக்டரிடமே வரவில்லை. வாத்தியார் உடனே சின்னத் தீவு, சின்ன எண் என்பார், சரிதான். ஆனால் ஆண்கள் வரவில்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போனால் பெண்கள் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்று எதையாவது சொல்வார்கள். ஆண்கள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் இலங்கை. 1995 வாக்கில் லட்சத்துக்கு 47 என்று உலகத்திலேயே மேல் வரிசையில் இருந்த நாடு. கடுமையான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், அடுத்த இருபது வருஷத்தில் விகிதம் எழுபது சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. விளைச்சலும் விழவில்லை. ஏனென்றால் சாக வேண்டும் என்கிற அந்த வேகம் பெரும்பாலோருக்குக் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்கிறார், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்புறம் நன்றாகவே வாழ்கிறார்கள். நம்ம பக்கத்திலும் 1986ல் சென்னையில் ஆரம்பித்த சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊருக்குப் பொதுவாக ஒரு இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை அங்கேயே வைத்து எடுக்கிற மாதிரி செய்து பார்த்தது, தற்கொலை குறைந்தது.

மாந்தோப்பு, உங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, அப்படியென்றால் தெளிக்கிற மருந்தும் இருக்கும். அது இப்போது எங்கே இருக்கிறது?

மாந்தோப்பு

நர்ஸம்மா, உங்கள் கேள்வியைப் படித்த உடனே எழுந்து போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூமில், கதவுக்குப் பின்னால், திறந்த பலகையில், போன பூப்பருவத்தில் வாங்கி மீந்தது. தம்பி தினமும் மோட்டார் போடப் போகிற இடம். பத்து நாளாக மாத்திரை அட்டையைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், இதை யாருமே யோசிக்கவில்லை. கை நடுங்கிவிட்டது.

அரூர் மருந்துக்கடை

நல்ல வேளை பார்த்தீர்கள். மாத்திரை அட்டையும் மொத்தமாக அவர் கையில் வேண்டாம், வீட்டில் ஒருவர் வைத்திருந்து ஒவ்வொரு நாளும் எடுத்துக் கொடுங்கள். ராத்திரியில் ஏதாவது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசுவார்கள். 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

கெலமங்கலம்

நான் இதுவரை அந்த மாத்திரையைக் கண்டாலே வெறுத்தவன். இப்போதும் எங்கள் பையனுக்கு எழுதிய விதத்தை என்னால் மன்னிக்க முடியாது, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் பென்னாகரம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று புரிந்தது. அந்தப் பத்து நாளில் எங்கள் வீட்டில் யாரும் பாய் போடவில்லை. போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவிடம் இதைச் சொல்ல மாட்டேன், அவர் தாங்க மாட்டார்.

மாந்தோப்பு தம்பி, நடை அதிகமானால், ராத்திரி பூராவும் நடந்தால், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.

பென்னாகரம் அக்கா

அண்ணா, உங்கள் அக்காவுக்கும் யாராவது பக்கத்தில் பாய் போட்டிருக்கிறார்களா? அவரையும் பாருங்கள்.

மாந்தோப்பு

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். பூச்சிமருந்தையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டி, பெட்டியைப் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டோம். சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில். குரல் பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான், இப்போது தினமும் சாயங்காலம் வந்து தம்பியோடு திண்ணையில் உட்காருவதும் அவர்தான். மாமரத்துக்குக் கவாத்து எப்போது பண்ணலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், தம்பி ரெண்டு வார்த்தை பதில் சொல்கிறான்.

வாத்தியார் சொன்ன 25 முதல் 64 கணக்கை அம்மாவிடம் சொன்னேன். எண் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, பென்னாகரம் அக்காவின் மாமியார் கதை புரிந்தது. அட்டை இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவே ஒன்றைப் பிதுக்கிக் கொடுக்கிறார், அவன் விழுங்கும் வரைக்கும் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நேற்று அவன் நாலரை மணி வரைக்கும் தூங்கினான். வியாழக்கிழமை மருத்துவரிடம் திரும்பப் போகிறோம், கெலமங்கலம் அண்ணா சொன்ன அந்த நடையைப் பற்றியும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்க வேண்டும்.